வார்டு தேர்தலில் சுயேச்சையாக மனு போடுவது எப்படி? முதலில் வார்டு பட்டியலை வாங்குங்கள்

2022 ஜனவரியில் எங்கள் தெரு அக்கா ஒருவர் பேரூராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நிற்கிறேன் என்றார். குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த காலம். மனு எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அன்று எங்களுக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. இப்போதைய மன்றங்களின் ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. நிற்க நினைப்பவர்கள் இப்போதே படித்துவைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் 2022 தேர்தலில் இருந்தவை. அடுத்த தேர்தலுக்கான அறிவிக்கை வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிராம ஊராட்சியில் வாக்காளருக்கு நாலு ஓட்டு. நகரத்தில் ஒரே ஓட்டு, அதுவும் வார்டு உறுப்பினருக்கு மட்டும்தான். மேயரையும் சேர்மனையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த உறுப்பினர்கள் கூடி மறைமுகமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மறைமுகம். அதன்பின் சட்டம் இரண்டு மூன்று தடவை மாறி, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தோடு மறுபடியும் மறைமுகத்துக்கே போய்விட்டது. என்னைக் கேட்டால் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதே சரி.

படி 1: வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது?

வார்டுகள் பொது, பெண்கள் பொது, எஸ்.சி. பொது, எஸ்.சி. பெண்கள் என்று பிரித்து அரசிதழில் வெளியாகும். சில இடங்களில் எஸ்.டி. ஒதுக்கீடும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம். பெண்கள் வார்டில் ஆண் நிற்க முடியாது, பொது வார்டில் பெண் தாராளமாக நிற்கலாம். ஒதுக்கீட்டு வார்டு என்றால் சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துவையுங்கள். தலைமைப் பதவிகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. 2022-இல் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் எஸ்.சி. பெண்களுக்கும், ஆவடி எஸ்.சி. பொதுவுக்கும் போயின.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு 25 என்பதால் பலர் இதையும் 25 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 21 வயதுப் பிள்ளைகள் நிற்கலாம், நிற்க வேண்டும்.

படி 2: வார்டு வாக்காளர் பட்டியல்

நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. சட்டமன்றப் பட்டியலில் இருக்கும் பெயர்களையே எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து, புதிதாகப் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் போட்டு மாநில ஆணையம் தனிப் பட்டியல் வெளியிடும். வேட்புமனுவில் கேட்பது இந்த வார்டு பட்டியலின் எண்களைத்தான். அலைபேசிச் செயலியில் வாக்காளர் அட்டை எண்ணைத் தட்டினால் வருவது சட்டமன்றப் பட்டியலின் எண்.

நான் செயலியில் பார்த்த எண்களை அப்படியே எழுதிவிட்டேன். பிப்ரவரி 3-ஆம் தேதி, கடைசி நாளுக்கு முந்தின நாள், மனுவை எடுத்துக்கொண்டு போனோம். மேசையில் இருந்த அலுவலர் தடித்த பட்டியல் கட்டு ஒன்றை இழுத்து, விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தார். "இந்தப் பாகத்துல இந்த நம்பர்ல வேற பேரு இருக்கும்மா" என்றார். அக்காவின் பெயர் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. அதை அடித்துத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அடுத்து, அக்காவை முன்மொழிந்து மனுவில் கையெழுத்துப் போட்டவரின் பெயரைத் தேடினார். பட்டியலில் அவர் பெயரே இல்லை.

முன்மொழிந்தவர் எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணன். எங்கள் தெருதான், எதிர்வாசல்தான். ஆனால் வார்டு எல்லை தெருவின் நடுவில் போகிறது. இடது பக்க வீடுகள் ஒரு வார்டு, வலது பக்க வீடுகள் அடுத்த வார்டு. வேட்பாளர் அந்தப் பேரூராட்சியில் எந்த வார்டு வாக்காளராக இருந்தாலும் சரி, வேறு வார்டில் நிற்கலாம். முன்மொழிபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நிற்கும் வார்டின் பட்டியலில் அவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். இந்த ஒரு வரி அன்று எங்களுக்குத் தெரியாது.

அன்று இரவே புது மனு எழுதினோம். பின்வீட்டுப் பாட்டியின் பெயரைப் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே வரிசையில் நின்றோம். அந்த அலுவலர் அன்று எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் பிப்ரவரி 5-ஆம் தேதி பரிசீலனையில் மனு தள்ளுபடியாகியிருக்கும்.

அதனால் என் யோசனை: உள்ளாட்சி அலுவலகத்தில் வார்டு பட்டியலின் அச்சு நகலைக் காசு கொடுத்து வாங்குங்கள். மாநிலத் தேர்தல் ஆணைய இணையதளத்திலும் பார்க்கலாம். ஆனால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும்போதும் இதே தாள் வேண்டும், பூத் ஏஜென்ட்டுக்கும் வேண்டும். காகிதமே மேல்.

படி 3: மனுவும் இணைப்புகளும்

வேட்புமனுப் படிவம் இலவசம். கூடவே நோட்டரி கையெழுத்துடன் ஓர் உறுதிமொழி ஆவணம் வேண்டும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் வரும். பொருந்தாத இடத்தில் கோடு போடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். "இல்லை" என்று எழுதுங்கள். நீலப் பேனா ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்று வாங்கிவிடுங்கள். உள்ளாட்சியிலிருந்து கேட்பு அறிவிப்பு வந்தும் கட்டாத பாக்கி தகுதியிழப்புக்குக் காரணமாகும். அந்த உள்ளாட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருப்பவரும் நிற்க முடியாது.

டெபாசிட்: பேரூராட்சி 1,000 ரூபாய், நகராட்சி 2,000, மாநகராட்சி 4,000. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்குப் பாதி. பணம் கட்டிய ரசீதை மனுவோடு சேர்த்துவையுங்கள்.

கட்சி வேட்பாளர் என்றால் கட்சியின் கடிதம் வேண்டும், அதைக் கட்சிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். சுயேச்சைகள் விருப்பச் சின்னத்தை வரிசைப்படுத்தித் தர வேண்டும். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். எளிதில் வரையக்கூடிய, வயதானவர்கள் பேர் சொல்லக்கூடிய சின்னமாகப் பாருங்கள். நவீனமான பொருள் எதையும் கேட்காதீர்கள்.

படி 4: பரிசீலனை முதல் ஓட்டு வரை

பரிசீலனை நாளில் வேட்பாளர் நேரில் போக வேண்டும். எதிராளி ஆட்சேபம் சொன்னால் பதில் சொல்ல ஆள் வேண்டும். பரிசீலனை முடிந்ததும் வாபஸ் வாங்க ஒரு நாள் உண்டு. 2022-இல் அது பிப்ரவரி 7. அன்று மாலை இறுதிப் பட்டியலும் சின்னமும் வந்துவிடும். வாக்குப்பதிவு பிப்ரவரி 19, எண்ணிக்கை 22. சின்னம் கிடைத்த நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை பன்னிரண்டே நாள். அதனால் தெரு ஒவ்வொன்றையும் மனு போடும் முன்பே நடந்துவிடுங்கள்.

இயந்திரத்தில் நோட்டா இருக்காது. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் விதிகளில் அதற்கு இடமில்லை. ஒப்புகைச் சீட்டு இயந்திரமும் கிடையாது.

பின்சேர்க்கை 1: "டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும்?" என்று கருத்துப் பெட்டியில் பலர் கேட்டிருக்கிறீர்கள். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் கிடைக்கும். 900 ஓட்டு பதிவானால் 150-ஐத் தாண்ட வேண்டும். எங்கள் அக்கா தாண்டினார்.

பின்சேர்க்கை 2: தனக்கு மன்றத்தில் இடம் கிடைக்க வழி உண்டா என்று மாற்றுத்திறனாளி தோழர் ஒருவர் எழுதியிருந்தார். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வரலாம். அதற்குத் தேர்தல் இல்லை, விண்ணப்பம்தான். மன்றத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அந்த உரிமையும் சேர வேண்டும் என்பது என் ஆசை. நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்காகத் தேர்தலில் நிற்கும் உரிமை போய்விடாது. தோழர் இரண்டையும் யோசிக்கட்டும்.

படி 5: செலவுக் கணக்கு

பேரூராட்சிக்கு உச்சவரம்பு 17,000 ரூபாய். முதல், இரண்டாம் நிலை நகராட்சிக்கு 34,000. தேர்வு நிலை, சிறப்பு நிலை நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் 85,000. சென்னைக்கு மட்டும் 90,000. துண்டறிக்கை அச்சடித்தது, ஆட்டோ வாடகை, கூட வந்தவர்களுக்கு வாங்கிய டீ எல்லாம் இதற்குள் வரும்.

கணினியில் அட்டவணை போடலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். இருபது ரூபாய் கோடு போட்ட நோட்டில், அன்றன்று ராத்திரி தேதி, செலவு, தொகை, பில் எண் என்று எழுதி, பில்லை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்துவைப்பதுதான் சரிப்பட்டது.

முடிவு வந்த 30 நாட்களுக்குள் இந்தக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள். தோற்றபின் அந்த அலுவலகப் படியேற யாருக்கும் மனசு வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு நிற்கவே முடியாதபடி தகுதியிழப்பு வரும். அக்கா 22-ஆம் தேதி தோற்றார். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொடுத்து, ஒப்புகைத் தாளில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தாளை வார்டு பட்டியல் இருக்கும் ஃபைலிலேயே வைத்திருக்கிறோம்.