மாதம்தோறும் கனத்து வலிக்கும் மார்பகம்: நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

மாதவிடாய்க்கு ஒரு வாரம் இருக்கையிலேயே மார்பகங்கள் கனத்து, குழந்தை வந்து கட்டிக்கொண்டால்கூட வலித்து, குளிக்கும்போது கைக்குச் சிறு சிறு முடிச்சுகளாகத் தட்டுப்பட்டால், புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமே முதலில் எழும். அந்த அச்சத்தை வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும் பெண்களை எண்ணித்தான் இதை எழுதுகிறேன். பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர், பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், இத்தகைய மாற்றத்தைச் சந்திக்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் இது ‘ஃபைப்ரோசிஸ்டிக்’ என்றோ ‘ஃபைப்ரோஅடினோசிஸ்’ என்றோ அச்சாகியிருக்கும். முன்பு இதை நோய் என்றே எழுதிவந்த மருத்துவர்கள் இன்று மாற்றம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களும் ஒவ்வொரு மாதமும் பால் சுரப்பிகளைத் தூண்டிவிட, திசுக்கள் நீர் கோத்து வீங்குகின்றன. மாதவிடாய் தொடங்கியதும் வீக்கம் வடிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வீங்கி வடிவதில் சில இடங்களில் நார்த்திசு தடிக்கிறது, சில இடங்களில் சிறு நீர்க்கட்டிகள் உருவாகின்றன. அக்குளை ஒட்டிய மேல்புறத்தில் சுரப்பித் திசு மிகுதி என்பதால் வலியும் அங்கேதான் அதிகம். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலோருக்கு இது தணிந்துவிடும்.

முதல் வேலையாகச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு, மாதவிடாய் தொடங்கிய நாளை வட்டமிட்டு, வலி இருந்த ஒவ்வொரு நாளிலும் அதன் கடுமைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குறித்துவாருங்கள். எண்கள் வட்டத்துக்கு முன் ஏறி, வட்டத்துக்குப் பின் இறங்கினால் அது ஹார்மோன் சார்ந்த வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் வாயால் விவரிக்கத் தயங்குபவர்களுக்கு அந்தத் தாளே பேசும்.

மார்பகத்தைத் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் மாதவிடாய் முடிந்த சில நாள்களில் பாருங்கள். முந்தைய வாரத்தில் எல்லாமே கட்டியாகத்தான் தோன்றும். நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் மெல்ல அழுத்தும்போது, துணிப்பைக்குள் பயறு இருப்பதுபோல், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நெருநெருவென்று தட்டுப்படுவது இம்மாற்றத்தின் இயல்பு.

வலியைத் தணிப்பதில் உள்ளாடைக்கு உள்ள பங்கை நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை. கைகளை உயர்த்தும்போது முதுகுப்பக்கப் பட்டை மேலேறினால் அது தளர்வானது என்று பொருள். தோளில் பள்ளம் விழுந்தால் தாங்கவேண்டிய பாரத்தைக் கீழ்ப்பட்டை தாங்கவில்லை. நன்றாகத் தாங்கும் பிராவைப் பகலிலும், வலி மிகுந்த நாள்களில் மென்மையான ஒன்றை இரவிலும் அணியலாம். வெந்நீர் ஒத்தடமோ குளிர் ஒத்தடமோ, எது இதமாக இருக்கிறதோ அது போதும். பாராசிட்டமால் மாத்திரையும், வலிக்கும் இடத்தில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் பலருக்குப் பயன்படுகின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்காமல் எதையும் பயன்படுத்தவேண்டாம். காபியை நிறுத்தினால் வலி குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை; காலைக் காபியை விட முடியாதவர்கள் அதற்காக வருந்தவேண்டியதில்லை. அன்றாட வேலையையே முடக்கும் வலிக்கு, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கருத்தடைக்காக உருவாக்கிய சென்ட்குரோமன் மாத்திரையை நம் நாட்டு மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக்கூடாது.

கல்லைப்போல் கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி, மாதவிடாய் முடிந்தும் கரையாத புதிய கட்டி, குழிவிழுந்த அல்லது ஆரஞ்சுத் தோல்போல் ஆன சருமம், புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், நாட்காட்டியை நிரப்பக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழக்கமாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதலில் எடுக்கப்படும். 40-ஐத் தாண்டியவர்களுக்கு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் சேரும். மார்பக ஸ்கேன் முடிவை வகைப்படுத்தும் ‘பைராட்ஸ்’ குறியீடு அறிக்கையில் ‘2’ என்றிருந்தால் தீங்கற்றது என்று பொருள். ‘3’ என்றால் பெரும்பாலும் தீங்கற்றதே, ஆனாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும். பெரிய நீர்க்கட்டி வலி தந்தால் மெல்லிய ஊசியால் நீரை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அப்போதே கட்டி அமுங்கி, வலியும் விட்டுப்போகும்.