திருவனந்தபுரம் விமான நிலையம்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டுகிறேன். அதற்கு முன் வளைகுடாவில் வேலை பார்த்தவன். நான் அன்று செய்த தவறையே போன வாரம் ஒரு பையன் செய்யப் பார்த்தான். அதனால்தான் எழுதுகிறேன். பாஸ்போர்ட், பெட்டி எடை பற்றியெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

நள்ளிரவுத் தேதி

வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் புறப்படும். என் முதல் டிக்கெட்டில் 18ஆம் தேதி, 00:50 என்று இருந்தது. 18ஆம் தேதி ராத்திரி என்று நாங்களே எடுத்துக்கொண்டோம். அம்மா முந்திரிக்கொத்து சுட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் பெயர் எழுதி, வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு போய் இறங்கினோம். வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னலெ போயல்லோ" என்றார். நேற்றே போய்விட்டதே என்று அர்த்தம். அம்மா அந்தப் பெட்டியைப் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. புது டிக்கெட்டுக்கு அவள் வளையல் அடகுக்குப் போனது.

18ஆம் தேதி 00:50 என்றால், 17ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்கள் "பதினேழு ராத்திரி கிளம்பணும்" என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றும் பலர் சொல்வதில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான். அதனால் வண்டி கேட்பவர்களிடம் தேதி கேட்பதை விட்டுவிட்டேன். டிக்கெட்டின் போட்டோவை அனுப்பச் சொல்கிறேன். போன வாரப் பையன் அப்படித்தான் தப்பினான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டோ வந்தது. "தம்பி, இன்னைக்கு ராத்திரிதான் விமானம், குளிச்சிட்டு ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

எந்த டெர்மினல்?

ஓடுதளம் ஒன்றுதான், கட்டடம் இரண்டு. டி1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம். டி2 எதிர்ப்புறம், சாக்கை பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரோடு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். வெளிநாட்டு விமானம் டி2. உள்நாட்டு விமானம் என்றால் டி1 என்று நீங்களே முடிவு செய்யாமல் டிக்கெட்டைப் பாருங்கள். சில உள்நாட்டு விமானங்கள் டி2விலிருந்தும் போயிருக்கின்றன.

ஆறாட்டு நாள்

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். நேரம் மாறியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கசகசா

ஒரு பொட்டலம்கூட வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு.

பாலராமபுரம் சந்திப்பு

மார்த்தாண்டத்திலிருந்து போகும் வழியில் இங்கே நெரிசலில் மாட்டலாம். ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.