நியோடிமியம் காந்தம்: பட்டறையில் நடக்கும் தவறுகள்

மின் ஸ்கூட்டர்கள் பெருகிய பிறகு, வேலூரின் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் காயில் கட்டும் கடைகளுக்கு, சக்கரத்துக்குள்ளேயே அமைந்த ஹப் மோட்டாரும் வருகிறது. கழற்றினால், சுழலும் வெளிக்கூடான டிரம்மின் உட்சுவரில் பளபளக்கும் சிறு பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவைதான் நியோடிமியம் காந்தங்கள். கிணற்று மோட்டார் பழகிய கை இங்கேதான் தவறுகிறது.

வார்னிஷ் ஊற்றிய ஸ்டேட்டரை (காயில் சுற்றிய, சுழலாத பகுதியை) ஓவனில் காயவைக்கும்போது டிரம்மையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். சாதாரணக் கிணற்று மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரில் காந்தம் கிடையாது; அது சூட்டைத் தாங்கும். நியோடிமியத்தின் சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். "கியூரி வெப்பநிலை 310 டிகிரியாயிற்றே" என்று படித்தவர்கள் வாதிடுவதுண்டு. அது காந்தத்தன்மை அடியோடு மறையும் எல்லை. இழப்பு வெகு முன்பே தொடங்கிவிடும். ஆறவைத்தாலும் போனது திரும்பாது, மறுபடி காந்தமேற்ற வேண்டும். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் சுமையில்லாதபோது வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றி, மேடு வந்ததும் மின்சாரத்தைக் குடித்துவிட்டு முக்கும். பழியெல்லாம் பாவம், கன்ட்ரோலர் மேல் விழும்.

பட்டை பெரிதாக இருக்கிறதென்று துளையிடுவதும் தேய்ப்பதும் அடுத்த தவறு. இது உருக்கிக் கலந்த சாதாரண உலோகக் கலவை அல்ல. 2 நியோடிமியம், 14 இரும்பு, 1 போரான் என்ற விகிதத்தில் அணுக்கள் அடுக்கப்பட்ட உலோகிடைச் சேர்மம். காந்தத்தன்மையை ஒரே அச்சில் பிடித்து நிறுத்துவது அந்த அடுக்குதான். அணுத்தளங்கள் வழுக்கி வளையவிடாமல் தடுப்பதும் அதேதான். எனவே டிரில் வைத்தால் வளையாது, பீங்கான்போலச் சில்லுச் சில்லாகப் பெயரும். பறக்கும் பொடி தீப்பற்றக்கூடியது. நிக்கல் முலாம் பெயர்ந்த மூலையில் ஈரம் பட்டால் துருப்பிடித்து உதிரும்.

"சூடு தாங்கத்தானே வேண்டும், சமாரியம்-கோபால்ட் காந்தம் போடுங்கள்" என்பது அரைகுறை யோசனை. சுமார் 300 டிகிரி தாங்கும், உண்மைதான். வலிமை குறைவு, விலை அதிகம், உடையும் குணமும் கூடுதல். டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைச் சேர்த்து, சூடு தாங்கும்படி செய்த நியோடிமியம் ரகமே பெரும்பாலும் போதும்.

இந்த உலோகிடைச் சேர்மக் குடும்பமே காந்தத்துக்குத்தான் என்று எண்ணிவிட வேண்டாம். லாந்தனம்-நிக்கல் சேர்மம் சாதாரண வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனை உறிஞ்சித் திருப்பித் தரும். நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரிகள் அந்த வகையில் பிறந்தவை. ஆனால் அது ஏற்கும் ஹைட்ரஜன், எடையில் ஏறக்குறைய 1.4 சதவீதமே. ஹைட்ரஜனில் ஓடும் வண்டியின் தொட்டிக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் எடைக்கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும்.