பூட்டிக் கிடந்த வாடகை வீட்டில் யாரோ குடியேறிவிட்டால்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அப்பா வாங்கிப் போட்ட வரிசை வீடு, பழைய வாடகைக்காரர் போன பிறகு நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. நான் இருப்பது கிள்ளானில், அடிக்கடி போய்ப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "தம்பி, வீட்ட வாடகைக்கு விட்டுட்டீங்களா? ராத்திரி லைட் எரியுது, பிள்ளைங்க சத்தம் கேக்குது" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால் கேட்டில் என் பூட்டு இல்லை, வேறொரு பூட்டு தொங்குகிறது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சாமான்களை ரோட்டில் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கைகலப்பாகி யாருக்காவது அடிபட்டால், வீடு உங்களுடையதாக இருந்தாலும் போலீஸ் விசாரணையில் நிற்பது நீங்கள்தான்.

முதலில் உள்ளே இருப்பவர் யார், எப்படி வந்தார் என்று தெரிய வேண்டும். அடுத்து எடுக்கும் அடி ஒவ்வொன்றும் இந்தப் பதிலைப் பொறுத்தது. பூட்டை உடைத்து நுழைந்தவரா, ஒப்பந்தம் முடிந்தும் போகாத பழைய வாடகைக்காரரா, அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன உறவினரா, இல்லை யாரிடமோ பணம் கொடுத்து ஏமாந்து வந்தவரா? தனியாகப் போகாமல் சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். என் வீட்டில் இருந்தது ஒரு இளம் தம்பதி, இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டுச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவனிடம் இரண்டு மாத டெபாசிட் கட்டி, சாவியும் வாங்கியிருக்கிறார்கள். டெபாசிட் கட்டியதற்கான தாளை என்னிடம் காட்டும்போது அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. அவர்களும் ஏமாந்தவர்கள்தான். இரண்டு தரப்பும் ஒன்றாகவே போய் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம், மூன்று வாரத்தில் காலி செய்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், சொன்ன தேதியில் போயும் விட்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் ரிப்போர்ட் எப்படியும் கொடுங்கள். "இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொன்னாலும் எழுதிக் கொடுத்துவிட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதற்கு அது தேதியோடு இருக்கும் ஆதாரம். அதோடு நில அலுவலகத்தில் கிராண்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) அதிகாரப்பூர்வத் தேடல் பிரதி, சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீது, தண்ணீர், கரண்ட் பில்கள், உடைந்த பூட்டின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வீடு இன்னும் இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தால், வழக்குப் போட யாருக்கு உரிமை என்ற கேள்வி முதலில் வரும், அதை உடனே லாயரிடம் சொல்லிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: அவர்களிடம் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வாங்காதீர்கள். "இந்த மாசம் மட்டும் வச்சுக்குங்க அண்ணே" என்று 300 வெள்ளியை நீட்டுவார்கள், மனசும் இளகும். வாங்கிவிட்டால், சம்மதத்தோடுதான் இருக்கிறோம், நாங்கள் வாடகைக்காரர்கள் என்று அவர்கள் கோர்ட்டில் சொல்ல இடம் கொடுத்தது போல ஆகிவிடும்.

பேசியும் போகவில்லை என்றால் லாயர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அப்புறம் வழக்கு. உங்கள் அனுமதி இல்லாமல் நுழைந்தவர்களுக்கு, 2012 நீதிமன்ற விதிகளில் ஆர்டர் 89 என்று ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் அதில் வழக்குப் போடலாம். ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் போகாத வாடகைக்காரர் மேல் இதைப் போட முடியாது. அவருக்கு 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுதான், அதன்படி கோர்ட் மூலமாக மட்டுமே வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது எல்லாம் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம். பாக்கி வாடகைக்கு, வாடகைக்காரரின் சாமான்களைக் கோர்ட் மூலம் பறிமுதல் செய்ய வழிதரும் 1951 டிஸ்ட்ரெஸ் சட்டத்தில் 12 மாதம் வரை கேட்கலாம், கெடு முடிந்தும் பிடிவாதமாக இருந்த காலத்துக்கு 1956 சிவில் சட்டத்தின் 28(4) பிரிவில் இரட்டிப்பு வாடகை கேட்கவும் வழி உண்டு. இதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கட்டாத தாளைக் கோர்ட் ஆதாரமாக ஏற்காது, தாமதமாகக் கட்டினால் அபராதமும் சேரும்.

பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே என்று சாப்பாட்டுக் கடையில் யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள். வேறு சில நாடுகளில் அப்படி உண்டு. தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை, எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் பெயர் போட்ட சொந்தக்காரரின் உரிமை போகாது. பினாங்கில் என் மாமா, வாடகைக்காரரை அசைக்கவே முடியாது என்று இன்றும் நம்புகிறார். ஜார்ஜ் டவுனில் 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்து நினைப்பு அது. அந்தச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000 பிறந்ததோடு அதன் பாதுகாப்பும் முடிந்துவிட்டது.

கோர்ட் உத்தரவு கிடைத்ததும் அதை நிறைவேற்றுவது பெய்லிஃப் என்ற கோர்ட் அதிகாரியின் வேலை, நீங்களாக உள்ளே போகாதீர்கள். அந்த நாளில் பூட்டுக்காரரைத் தயாராக வைத்திருங்கள். உள்ளே இருக்கும் சாமான்களை அறை அறையாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், "என் நகை காணோம்" என்ற புகார் பிறகு வரலாம். பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால் முன்கூட்டியே சமூகநல இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் தெருவில் நிற்கக் கூடாது.

வீடு கைக்கு வந்த பிறகு அடுத்த வாடகைக்காரர் வரும்வரை அதைச் சும்மா விடாதீர்கள். நான் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் மீட்டரைப் படம் எடுக்கிறேன். ஆள் இல்லாத வீட்டில் யூனிட் ஏறினால் அங்கேயே தெரிந்துவிடும். தபால் பெட்டியைக் காலி செய்து, புல்லை வெட்டி, தண்ணீர் தேங்கும் சட்டி வாளிகளைக் கவிழ்த்துவிட்டு வருகிறேன், ஏடிஸ் கொசுப் புழு கண்டுபிடித்தால் அபராதம் சொந்தக்காரருக்குத்தான் வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் என் நம்பரோடு தங்கையின் நம்பரும் இருக்கிறது.