வேக வைத்தால் புரோட்டீன் செத்துவிடுமா?

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ஜிம்முக்குப் போனால், பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்ளும் தம்பி ஒருத்தராவது கண்ணில் படுவார். கேட்டால், "வேக வச்சா புரோட்டீன் செத்துடும் மாஸ்டர்" என்பார். இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அது தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து கிடக்கும். சூடு பட்டதும் மடிப்பு அவிழ்ந்து, அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சட்டியில் விட்ட வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து வெளுத்து இறுகுவது அதனால்தான். சங்கிலி அறுந்து போவதில்லை. அமினோ அமிலமும் எங்கும் ஓடிவிடவில்லை. சொல்லப்போனால், மடிப்பு அவிழ்ந்திருப்பதால் குடலில் நொதிகளுக்கு வெட்டும் வேலை சுலபமாகிறது. பச்சை முட்டையில் புரதத்தின் ஏறக்குறைய பாதி சிறுகுடலில் செரிக்காமலே போய்விடும். சால்மொனெல்லா கிருமி வேறு வரலாம்.

அடுத்து, தோலிலும் மூட்டிலும் இருக்கும் புரதமான கொலாஜன் பவுடர். கலக்கிக் குடித்தால் நேரே முகத்துக்கும் மூட்டுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. வயிற்றுக்குள் போன எந்தப் புரதமும் துண்டு துண்டாகத்தான் ரத்தத்தில் சேரும். அதை எங்கே செலவழிப்பது என்பது உடம்பின் கணக்கு. இத்தனைக்கும் கொலாஜனின் வடிவத்தைச் சொன்னவர்கள் நம்ம ஊரில் இருந்தவர்கள். 1954இல் கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது விசைப்படகுக் கயிறு மாதிரி மூன்று இழை முறுக்கு என்றார்கள். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற அமினோ அமிலம். முறுக்கின் நடுவே நுழையும் அளவுக்குச் சின்னது அது ஒன்றுதான். மீன்தலைக் குழம்பு மறுநாள் ஃபிரிட்ஜில் கூழாக உறைகிறதே, கொதியில் அவிழ்ந்த கொலாஜன்தான் அது. டப்பாவை விட மலிவு!

விஞ்ஞானிகள் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். படிகத்தில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, சிதறி விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1958இல் ஜான் கென்ட்ரூ என்ற விஞ்ஞானி, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை முதலில் காட்டியது அப்படித்தான்.

'புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஏஐ மென்பொருள் ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டது, இனி எல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்' என்பது புதுத் தவறு. 2024 நோபல் வாங்கித் தந்த கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது தருவது கணிப்பு. உயிருள்ள செல்லில் புரதம் அசையும், வடிவம் மாறும். அதை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். கணித்த வடிவத்தில் சங்கிலி இப்படியெல்லாம் வளைய முடியுமா என்று சரிபார்க்க இன்றும் எடுப்பது, ராமச்சந்திரன் குழு 1963இல் வெளியிட்ட வரைபடத்தை.