மெதுவாகப் பறக்கும் சிறிய மின் விமானத்தை வடிவமைக்கும் முறை

தொலைவிலிருந்து இயக்கும் சிறிய விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்கும் என்பதை மோட்டார் முடிவு செய்வதில்லை. எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது. எனவே, பேட்டரி உட்பட மொத்த எடை எவ்வளவு என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எடை 300 கிராம் எனவும், இறக்கை முனைக்கு முனை 1 மீட்டர் நீளமும் 22 செ.மீ. அகலமும் உடையது எனவும் கொண்டால், ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 13.6 கிராம் சுமை விழுகிறது. உச்சத் தூக்குவிசைக் கெழுவை (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு நன்றாகத் தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.1 என எடுத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 4.5 மீட்டருக்குக் கீழே இந்த விமானத்தால் மட்டமாகப் பறக்க இயலாது. இந்த எல்லை வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால் அதே இறக்கையில் எடையைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும். வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதே காரணம்.

இவ்வளவு குறைந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (வேகம், இறக்கை அகலம், காற்றின் பாகுத்தன்மை ஆகியவற்றிலிருந்து காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) 66,000 அளவில்தான் இருக்கும். பெரிய விமானங்களுக்குரிய தடித்த இறக்கை வடிவங்களில் காற்றோட்டம் இங்கே எளிதில் பிரிந்துவிடுவதால், 6 மி.மீ. ஃபோம் தகட்டை, நடுவில் சுமார் 12 மி.மீ. உயரும்படி மெல்ல வளைத்துச் செய்யும் இறக்கையே என் கணிப்பில் மேலானது. முனைகளின் கோணத்தை 2 பாகை குறைத்து அமைத்தால், விமானம் வேகம் இழக்கும்போது ஒரு பக்கமாகச் சட்டென்று சரியாது. சுக்கானை (செங்குத்து வாலில் அசையும் பலகையை) மட்டும் கொண்டு திருப்புவதாக இருந்தால், இறக்கைகள் இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

கிடைவாலின் பரப்பு இறக்கையில் ஐந்தில் ஒரு பங்காகவும், ஈர்ப்பு மையத்திலிருந்து அதன் தொலைவு இறக்கை அகலத்தைப் போல் இரண்டரை மடங்காகவும் இருக்கட்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 55 செ.மீ. தள்ளியும், மூக்கு 18 செ.மீ. தள்ளியும் இருக்குமானால், வாலில் தாராளமாகத் தடவிய ஒரு கிராம் பசையை ஈடுசெய்ய மூக்கில் மூன்று கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். வாலைச் செய்யும்போது கஞ்சத்தனம் நல்லது.

புரொப்பெல்லர் பெரிதாகவும் மெதுவாகச் சுழல்வதாகவும் இருக்க வேண்டும். 8 அங்குல விட்டமும் 4.3 அங்குல பிட்ச்சும் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) உடையது நிமிடத்திற்கு 6,000 சுற்றில் வினாடிக்கு சுமார் 11 மீட்டர் பிட்ச் வேகம் தரும். நம் தேவைக்கு அது போதும். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தும்படி வைத்தால், எடை சேர்க்காமலே சமநிலையைச் சரிசெய்யலாம்.

முடிந்ததும், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 6.5 செ.மீ. பின்னால், அடிப்பக்கத்தில் இரு விரல் நுனிகளால் தாங்கிப் பாருங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும். பிறகு காற்று அடங்கிய வேளையில், புல்தரையின் மேல், மோட்டாரை இயக்காமல் தோள் உயரத்திலிருந்து மூக்கைச் சற்றே தாழ்த்தி எறியுங்கள். மூக்கு மேலெழும்பித் தயங்கிப் பின் விழுந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் சிறிது பின்னே இழுங்கள். சறுக்கல் சரியாக அமைந்த பிறகும் மோட்டாரை முடுக்கும்போது மட்டும் மூக்கு எழும்பினால், வாலில் கைவைக்காமல், மோட்டாரை இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள்.