நெல் பணத்துக்கு வரி உண்டா? வரவை வகைபிரித்துப் பார்க்கும் முறை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும், இதற்கு வருமானவரி கேட்பார்களோ என்று கலங்குகிறவர் எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அதே தெருவில், அறுவடை இயந்திரம் இரண்டை வாடகைக்கு விட்டுக்கொண்டே, விவசாயிக்கு ஏது வரி என்று அடித்துப் பேசுகிறவரும் உண்டு. இருவர் எண்ணமும் தவறு. விவசாயி என்ற ஆளுக்குச் சட்டத்தில் எந்த விலக்கும் இல்லை; விவசாய வருமானம் என்ற பணத்துக்குத்தான் விலக்கு. ஆகவே, யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ரூபாயும் எதிலிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு எளிய வழி, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்து, வரவு ஒவ்வொன்றின் அருகிலும் அது வந்த வழியைப் பென்சிலால் குறிப்பதாகும். மன்னார்குடிக்கு அருகிலுள்ள உறவினர் ஒருவருக்காக நான் அப்படி உட்கார்ந்தபோது, ஒரே பாஸ்புக்கில் குறுவைப் போக நெல் பணம், பால் சொசைட்டி பணம், டிராக்டர் உழவுக் கூலி, வைப்புத்தொகை வட்டி, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய தொகை ஆகிய ஐந்தும் கலந்து கிடந்தன. அவருடைய கணக்கில் எல்லாமே ‘விவசாயப் பணம்’. சட்டத்தின் கணக்கில் முதலாவது மட்டுமே அப்படி.

நெல்லில் தொடங்குவோம். இந்தியாவிலுள்ள நிலத்தில் உழுது, விதைத்து, நட்டு எடுத்த விளைச்சலின் வருமானமே விவசாய வருமானம். நிலத்தின்மேல் மனித உழைப்பால் செய்யப்படும் இந்த அடிப்படை வேலைகள் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் தெளிவுபடுத்தியது. அறுத்ததை அடித்து, தூற்றி, காயவைத்துச் சந்தைக்கு ஏற்றதாக்கும் வேலையும் அதில் அடங்கும். கும்பகோணத்து வெற்றிலைக் கொடிக்காலும், திருவையாற்று வாழையும், பேராவூரணித் தென்னையும் நெல்லைப் போலத்தான். நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டவர் வாங்கும் குத்தகை, நெல்லாக வந்தாலும் ரொக்கமாக வந்தாலும் விவசாய வருமானமே. குத்தகைதாரர் தம் செலவு போக எடுப்பதும் அவ்வாறே. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே தடையாகாது.

எல்லைக்கோடு மங்குவது இதற்குப் பிறகுதான். வயலில் நிற்கும் பயிரை அப்படியே விலைபேசி வாங்கி அறுத்து விற்பவர் வியாபாரி. அவர் அதில் உழவில்லை. பிறர் தேங்காயை வாங்கிக் கொப்பரையாக்குவதும், வயல் மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்பதும், நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் குட்டை வைப்பதும், வேதாரண்யத்தில் உப்பளம் நடத்துவதும் விவசாயத்தில் சேரா. தம் வயல் நெல்லைத் தாமே ஆலையில் அரைத்து அரிசியாக விற்பவருக்கு, நெல்லின் சந்தை விலை அளவுக்கு விவசாய வருமானம் என்றும், செலவு போக அதற்கு மேல் நிற்கும் லாபம் வியாபார வருமானம் என்றும் பிரித்துக் கணக்கிட வேண்டும். என் உறவினரின் பால் பணமும் டிராக்டர் கூலியும் இதே காரணத்தால் தொழில் வருமானமாயின. வட்டியும் வரிக்கு உட்பட்டது. நெல் விற்ற பணத்தைப் போட்டுவைத்ததால் வந்த வட்டி என்றாலும் அது நெல்லாகிவிடாது. மகன் அனுப்பிய பணம் மட்டும் வருமானமே இல்லை. நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனால் அதை வைப்பில் போட்டால் அந்த வட்டி தந்தையின் வருமானம்.

இந்த விலக்கு ஏன் என்று கேட்பது நியாயமே. 1860-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த முதல் வருமானவரி விவசாயத்தையும் விட்டுவைக்கவில்லை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம்தான், நிலம் ஏற்கெனவே கிஸ்தி என்ற நிலவரி கட்டுகிறது என்ற அடிப்படையில் அதை நீக்கியது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, விவசாயம் அல்லாத வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கும், விவசாய வருமானத்துக்கு விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. அன்று கிஸ்தி பெருஞ்சுமை. இன்று அது பெயருக்கு ஒரு தொகை. காரணம் தேய்ந்துவிட்டது, விலக்கு நிற்கிறது.

வரி கட்டாதவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் கட்டாமல் இருப்பதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணின் கூலி சட்டப்படி விவசாய வருமானமே அல்ல; அது உழைப்புக்கான ஊதியம். அவர் வரி கட்டாததற்குக் காரணம் தொகை வரம்பை எட்டாததுதான். பத்து வேலி நிலம் வைத்திருப்பவர் கட்டாததற்குக் காரணம் வருமானத்தின் வகை. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. இது சரியா என்ற கேள்வி பழையது, 1972-இல் பொருளியலாளர் கே.என். ராஜ் தலைமையிலான குழு, நில உடைமைக்கு ஏற்ப ஒரு வரியைப் பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்து வரம்பு. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல், 12 லட்சம் வரையுள்ள சாதாரண வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைப்பதால் வரி பெரும்பாலும் சுழியாகிவிடும். சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: விவசாயம் நீங்கலான வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், கட்டவேண்டிய வரி சுழியானாலும் ரிட்டர்ன் என்ற வருமான விவரப் படிவத்தைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆண்டில் 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவரும், மின்கட்டணமாக 1 லட்சத்துக்கு மேல் கட்டியவரும் வருமானம் குறைவாக இருந்தாலும் தாக்கல் செய்ய வேண்டியவர்களே. சிங்கப்பூருக்குப் பேரனைப் பார்க்கப் போய்வருவோர் டிக்கெட் செலவைக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பளமும் வயலும் இரண்டும் உள்ளவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் முதல், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், வரிவிகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கழிவு போகச் சம்பளம் 15 லட்சம், நெல்லில் நிகர வருமானம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 18 லட்சத்துக்கு வரி போட்டால் 1,60,000 ரூபாய். பிறகு 3 லட்சத்தோடு அடிப்படை வரம்பான 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 7 லட்சத்துக்குப் போட்டால் 15,000. கழித்தால் 1,45,000. நெல் இல்லாவிட்டால் 1,05,000-தான். நெல்லுக்கு வரி இல்லை, ஆனால் நெல் இருப்பதால் சம்பளத்தின் வரி 40,000 ரூபாய் கூடுகிறது. இதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 விழுக்காடு தனி.

நிலத்தையே விற்பது வேறு கதை. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படாததால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் குறையாத நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். எல்லைக்கு வெளியே என்றாலும் தூரம் பார்க்கப்படும்: மக்கள்தொகை ஒரு லட்சம் வரையென்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரையென்றால் 6, அதற்கு மேல் 8. 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூரும் கும்பகோணமும் ஒரு லட்சத்தைத் தாண்டியவை; திருவாரூரும் மன்னார்குடியும் தாண்டாதவை. தூரம் சாலைவழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்கப்படும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் சுற்றி எட்டு கிலோமீட்டர் என்ற வாதம் இங்கே எடுபடாது.

ரிட்டர்ன் படிவத்தில், விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் முதலாம் எண் படிவம் (ITR-1) பொருந்தாது. சம்பளம் அல்லது ஓய்வூதியத்தோடு வயல் மட்டும் உள்ளவர் இரண்டாம் எண் படிவத்துக்கு (ITR-2) போக வேண்டும். முதல் வருடம் இதை அறியாமல் முதலாம் படிவத்திலேயே போட்டுவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் திருத்தித் தாக்கல் செய்தவன் நான். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் உள்ள மாவட்டம், பின்கோடு, ஏக்கர் பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பனவும் கேட்கப்படும். நம் ஊரில் மாவில் பேசுகிறோம். மூன்று மாவை ஓர் ஏக்கராகக் கொண்டு மனக்கணக்கில் எழுதாமல், சிட்டாவில் உள்ள ஹெக்டேர் அளவை 2.47-ஆல் பெருக்கி எழுதுங்கள். அந்தந்தப் போகத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல் என்ற பயிர்ப் பதிவு, கொள்முதல் நிலைய ரசீது, உர விதைக் கடை பில் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, உறையின்மேல் நிதியாண்டை எழுதி வையுங்கள். குறுவை ஓர் ஆண்டிலும், அதே நிலத்தின் தாளடிப் பணம் சில சமயம் ஏப்ரலைத் தாண்டி அடுத்த ஆண்டிலும் வந்து விழும்.